பிட்எக்ஸ்: ஐதராபாத்தில் பிறந்த ஹாம் வானொலிக் கருவி

பிட்எக்ஸ் என்பது அமெச்சூர் வானொலி அன்பர்கள் தம் கையாலேயே கூட்டிக்கொள்ளும்படி, ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த டிரான்சீவர் ஆகும். செய்தியை அனுப்பும் பரப்பியும், வரும் செய்தியைக் கேட்கும் வாங்கியும் ஒரே பெட்டியில் அமைந்த கருவிக்கு டிரான்சீவர் என்று பெயர். 2003 வாக்கில் ஒரேயொரு அலைப்பட்டைக்கான சுற்றுப்படமாக வெளிவந்த இது, பின்னர் பிட்எக்ஸ்40, மைக்ரோ பிட்எக்ஸ் எனப் பல வடிவங்களைப் பெற்றது. விற்பனைக்கு வந்த கருவிகளின் பிழைகளை வாங்கியவர்களே கண்டுபிடித்து, அவர்களே திருத்தி, அத்திருத்தங்கள் அடுத்த பதிப்பில் இடம்பெற்றன. பிட்எக்ஸின் வரலாற்றை மற்ற வானொலிக் கருவிகளின் வரலாற்றிலிருந்து வேறுபடுத்துவது இதுவே.

உதிரிபாகப் பஞ்சம்

இந்தியாவில் அமெச்சூர் வானொலி 1921இல் தொடங்கியது. கல்கத்தாவைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்தா முதல் உரிமம் பெற்றார். சென்னையில் 1924 மே 16 அன்று மதராஸ் மாகாண வானொலிக் கழகம் அமைக்கப்பட்டது. அதை முன்னின்று நடத்திய சி.வி.கிருஷ்ணசாமி செட்டி இங்கிலாந்திலிருந்து உதிரிகளாகக் கொண்டுவந்து கூட்டிய சிறு பரப்பியோடு கழகத்தின் ஒலிபரப்பு அதே ஆண்டு ஜூலை 31இல் தொடங்கியது. பின்னர் 40 வாட் பரப்பி பயன்பட்டது. பணமின்மையால் 1927இல் கழகம் நின்றுபோக, பரப்பி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போனது. தமிழ்நாட்டு வானொலி ஓர் அரசு நிலையத்தில் தொடங்கவில்லை. ஆர்வலர்கள் தம் கையால் பூட்டிய கருவியில்தான் தொடங்கியது என்பது பள்ளிப் பாடநூல்களில் அதிகம் சொல்லப்படாத செய்தி.

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939இல், அமெச்சூர்கள் தம் பரப்பிகளைக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆங்கில அரசு உத்தரவிட்டது. ஒப்படைக்காமல் மறைத்த உதிரிகள் பின்னர் பயன்பட்டன. 1942 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பம்பாயில் உஷா மேத்தா முதலியோர் தலைமறைவாக நடத்திய காங்கிரஸ் வானொலிக்குப் பரப்பியைக் கட்டித் தந்தவர் நரிமன் பிரின்டர் என்ற அமெச்சூர். கருவியைப் பறித்துவிடலாம், கருவி கட்டும் அறிவைப் பறிக்க முடியாது என்பதை அரசு அப்போது உணர்ந்திருக்கும்.

விடுதலைக்குப் பிறகும் நிலைமை எளிதாகவில்லை. வெளிநாட்டுக் கருவிகளுக்கு இறக்குமதி வரி மிகுதி. ராணுவம் கழித்துவிட்ட பழைய பெட்டிகள், வீட்டு வால்வு ரேடியோக்களின் உள்ளுறுப்புகள், 807 என்ற எண்ணுடைய வால்வு ஆகியவற்றைக் கொண்டு காலம் ஓட்டினர். 1980களின் நடுவில் வரி தளர்த்தப்பட்டது. அப்போது பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியே உரிமம் பெற்ற அமெச்சூர். அதன்பின் உரிமம் பெற்றோர் தொகை உயர்ந்தது. ஆனால் ஜப்பானியக் கருவியின் விலை சாதாரணச் சம்பளக்காரருக்கு அப்போதும் எட்டாத உயரத்திலேயே இருந்தது. இதனால் தேர்வில் வென்று, அழைப்புக் குறியும் பெற்று, பேசக் கருவி இல்லாமல் உரிமத்தைப் பெட்டியில் வைத்திருந்தவர்கள் பலர்.

வெளிநாட்டு இதழ்களில் கட்டுமானக் கட்டுரைகள் வந்தவண்ணம் இருந்தன. ஆனால் அவற்றைப் பார்த்துக் கூட்ட முயன்றவர் முதல் பக்கத்திலேயே தடுக்கி விழுவார். குறிப்பிட்ட வகை வளையக் காந்த உள்ளகம், குறிப்பிட்ட கலப்பி சில்லு என்று அதில் கேட்கப்படும் பொருள்கள் சென்னை ரிச்சி தெருவில்கூடக் கிடைக்காது. பிட்எக்ஸின் பிறப்புக்குக் காரணம் இந்தத் தடைதான்.

ஒரே பாதை, போக்கும் வரத்தும்

ஃபர்ஹானின் தொழில் மென்பொருள். அழைப்புக் குறி வியூ2ஈஎஸ்இ. அமெரிக்க அமெச்சூர் வானொலிச் சங்கம் 2003இல் வெளியிட்ட, வெஸ் ஹேவர்டு முதலிய மூவர் எழுதிய ஒரு வானொலி வடிவமைப்பு நூலில் இருந்த எளிய வாங்கிச் சுற்று ஒன்று அவருக்குத் தொடக்கப் புள்ளி. அதைச் சுமார் ஓராண்டு மாற்றி மாற்றிக் கட்டினார். ஹேவர்டுடன் மின்னஞ்சலில் விவாதித்தார். முடிவில் கிடைத்ததே 14 மெகாஹெர்ட்ஸில், அதாவது 20 மீட்டர் அலைப்பட்டையில், 6 வாட் ஆற்றலில் பேசும் பிட்எக்ஸ்20.

குரலை வானொலியில் அனுப்பப் பல முறைகள் உண்டு. அமெச்சூர்கள் விரும்புவது ஒற்றைப் பக்கப்பட்டை முறை. சாதாரண ஒலிபரப்பில் ஊர்தி அலையும் அதன் இருபுறமும் ஒரே செய்தியைச் சுமக்கும் இரண்டு பக்கப்பட்டைகளும் போகின்றன. ஒரு பக்கப்பட்டையை மட்டும் அனுப்பினால் மின்னாற்றல் வீணாகாது. அலைப்பட்டையிலும் பாதி இடம் போதும். ஆனால் மற்றதை வெட்டி எறிய மிகக் கூர்மையான வடிகட்டி தேவை. ஆயத்தமாகக் கிடைத்த அத்தகைய வடிகட்டியின் விலை மற்ற எல்லா உதிரிகளின் விலையையும் விழுங்கிவிடும்.

இங்கே பிட்எக்ஸ் கையாண்ட வழி, கணினிகளில் பயன்படும் 10 மெகாஹெர்ட்ஸ் படிகங்களை ஏணிபோல் வரிசையாக இணைத்து வடிகட்டியை வீட்டிலேயே செய்துகொள்வது. ஒரு படிகம் சில ரூபாய்தான். ஒரே எண் பொறித்த படிகங்களும் நுட்பமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று நூறு, இருநூறு ஹெர்ட்ஸ் வேறுபடும். ஆகவே பத்துப் பதினைந்து வாங்கி, ஒவ்வொன்றையும் ஓர் அலையியற்றியில் செருகி, அதிர்வெண்ணை அளந்து, நெருங்கிய நான்கைப் பொறுக்கி எடுக்க வேண்டும். புளியம்பழத்தில் ஓடு நீக்கிக் கொட்டை பொறுக்குவது போன்ற பொறுமை வேண்டிய வேலை இது. மிஞ்சிய படிகங்களும் வீண்போவதில்லை. ஒன்று அதே கருவியின் மற்றோர் அலையியற்றிக்குப் போகும்.

அடுத்த சிக்கனம் கருவியின் பெயரிலேயே இருக்கிறது. வழக்கமான கருவியில் வாங்கும் பாதைக்குத் தனிப் பெருக்கிகளும் அனுப்பும் பாதைக்குத் தனிப் பெருக்கிகளும் உண்டு. அல்லது ஒரே வடிகட்டியை இருபுறமும் மாற்றி இணைக்கப் பல சுவிட்சுகள் தேவை. பிட்எக்ஸில் வடிகட்டியும் கலப்பியும் ஒன்றே. அவற்றுக்கு இடையே உள்ள ஒவ்வொரு பெருக்கியிலும் எதிரெதிர்த் திசை பார்க்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருக்கும். கேட்கும்போது ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் செல்லும். பேசும் பொத்தானை அழுத்தினால் அது அணைந்து மற்றது விழிக்கும். சமிக்ஞை ஆன்டெனாவிலிருந்து ஒலிபெருக்கிக்கு வந்த அதே பாதையில் திரும்பி, ஒலிவாங்கியிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும். காலையில் சந்தைக்குப் போன வண்டி மாலையில் அதே பாதையில் ஊர் திரும்புவது போல. இருதிசை என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துகளிலிருந்தே பிட்எக்ஸ் என்ற பெயர் வந்தது.

பயன்படுத்திய உதிரிகளைப் பார்த்தால் வடிவமைப்பாளரின் மனம் புரியும். எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர்கள். ஐஆர்எஃப்510 என்ற மாஸ்ஃபெட் கடைசி ஆற்றல் பெருக்கியாக இருக்கிறது. அது வானொலிக்காகச் செய்யப்பட்டதே அல்ல, மின்வழங்கிகளில் சுவிட்சாக வேலை செய்யும் மலிவான உறுப்பு. வளைய உள்ளகத்துக்குப் பதிலாகக் கம்பி சுற்றியது குழாய்க் கடையில் விற்கும் நைலான் வாஷரில். தண்ணீர்க் குழாய் வாஷரில் வானொலிச் சுருள் சுற்றலாம் என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் விருதுநகரிலோ அறந்தாங்கியிலோ இருப்பவர் அஞ்சலுக்குக் காத்திராமல் அன்றைக்கே வேலையைத் தொடங்க முடிந்தது அந்த வாஷரால்தான்.

தட்டின் மேல் கட்டுமானம்

முதல் பிட்எக்ஸ்களைக் கட்டியவர்களுக்கு ஆயத்த அச்சுத்தட்டு தேவைப்படவில்லை. செம்பு பூசிய வெறும் தட்டை எடுத்து, தரைமுனைக்குப் போக வேண்டிய கால்களை நேரே செம்பில் பற்றவைத்து, மற்றவற்றை அந்தரத்திலேயே ஒன்றோடொன்று இணைத்தார்கள். பார்க்க அழகில்லாத இம்முறைக்கு ஆங்கிலத்தில் அசிங்கக் கட்டுமானம் என்றே பெயர். ஆனால் செம்புத் தரை முழுவதும் விரிந்திருப்பதால் உயர் அதிர்வெண்ணில் அது நன்றாகவே வேலை செய்யும். பின்னர் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சிலர் அச்சுத்தட்டும் உதிரிகளும் ஒரே கட்டாக அஞ்சலில் அனுப்பத் தொடங்கினர்.

கட்டுவதில் ஒழுங்கு முக்கியம். ஒலிப்பெருக்கியை முதலில் முடித்து, விரலால் தொட்டு உறுமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அலையியற்றி. அருகில் ஒரு சிற்றலை ரேடியோவை வைத்தால் அது இயங்குவது கேட்கும். பிறகே வடிகட்டி, கலப்பி. வாங்கி முழுதும் பேசிய பிறகுதான் பரப்பிப் பகுதிக்குப் போவார்கள். ஐஆர்எஃப்510க்கு ஓய்வுநிலை மின்னோட்டம் அமைக்கும் சிறு திருகியை அம்மீட்டரைப் பார்த்தபடி மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் மாஸ்ஃபெட் ஒரு நொடியில் எரிந்துபோகும். சோதிக்கும்போது ஆன்டெனாவை இணைப்பதில்லை. ஒரு வாட் தாங்கும் 1,000 ஓம் மின்தடைகள் இருபதைப் பக்க இணைப்பில் பற்றவைத்தால் 50 ஓம் போலிச் சுமை ஆகிவிடும். பக்க இணைப்பு விதியைப் படித்த பத்தாம் வகுப்பு மாணவர் இதைக் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம்.

பிட்எக்ஸ்20இன் பெரிய குறை அலைவெண் நகர்வு. சுருளும் மின்தேக்கியும் கொண்ட அலையியற்றி வெப்பத்துக்கு ஏற்ப நகரும். மின்விசிறிக் காற்று பட்டால் ஒரு பக்கம், சன்னல் வெயில் பட்டால் மறுபக்கம். ஒற்றைப் பக்கப்பட்டையில் நூறு ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே எதிரில் பேசுபவரின் குரல் மாறிக் கேட்கும். ஆகவே பலர் செய்த முதல் மாற்றம் அந்த அலையியற்றியைக் கழற்றிவிட்டு இலக்கமுறை அலையியற்றி ஒன்றைப் பொருத்துவதாகவே இருந்தது.

பிட்எக்ஸ்40

2016இன் பிற்பகுதியில் ஃபர்ஹான் 7 மெகாஹெர்ட்ஸுக்கான பிட்எக்ஸ்40 தட்டை வெளியிட்டார். நுண்ணுறுப்புகள் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட தட்டு அது. வளைய உள்ளகங்களில் கம்பி சுற்றும் வேலையை ஐதராபாத்தைச் சேர்ந்த மகளிர் குழு கையால் செய்தது. வாங்குபவர் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, ஆன்டெனா முனை, 12 வோல்ட் மின்சாரம் ஆகியவற்றை இணைத்து, பிடித்த பெட்டியில் அடைத்தால் போதும். சாப்பாட்டு டப்பாவிலும் மரப்பெட்டியிலும் அடைத்தவர்கள் உண்டு.

தொடக்கத் தட்டில் அலையியற்றி பழைய பாணியிலேயே இருந்தது, நகர்வும் இருந்தது. சிறிது காலத்தில் ராடுயினோ என்ற துணைத்தட்டு சேர்ந்தது. ஆர்டுயினோ நானோ நுண்கட்டுப்படுத்தி ஒன்றும் எஸ்ஐ5351 என்ற அலையியற்றிச் சில்லும் சிறு திரையும் கொண்டது அது. நகர்வு ஒழிந்தது. அதைவிடப் பெரிய மாறுதல் ஒன்றும் நேர்ந்தது. கருவியின் நடத்தை இப்போது நிரல் வரிகளில் இருந்தது, அந்த நிரல் யாவருக்கும் திறந்திருந்தது. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியாத கணினி மாணவரும் இப்போது வானொலியை மாற்றியமைக்க முடிந்தது. இரண்டு அலையியற்றி நினைவுகள், மோர்ஸ் சாவி, அலைப்பட்டை எல்லை எச்சரிக்கை எனப் பயனாளர்கள் நிரலை வளர்த்தார்கள்.

வன்பொருள் மாற்றங்களில் பலரைக் கவர்ந்தது ஆற்றல் உயர்வு. கடைசிப் பெருக்கிக்கு மின்சாரம் தரும் முனை தட்டில் தனியாக விடப்பட்டிருந்தது. அதற்கு மட்டும் 24 வோல்ட் அளித்தால் 7 வாட் இருபது வாட்டை எட்டும். வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டைப் பெரிதாக்காமல் இதைச் செய்தவர்கள் ஐஆர்எஃப்510ஐ டஜன் கணக்கில் வாங்க நேர்ந்தது.

மைக்ரோ பிட்எக்ஸும் அதன் பிழைகளும்

2017 டிசம்பரில் வந்த மைக்ரோ பிட்எக்ஸ் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லா அமெச்சூர் சிற்றலைப் பட்டைகளிலும் சுமார் 10 வாட்டில் இயங்கியது. விலை 109 டாலர். அதே வேலையைச் செய்யும் தொழிற்சாலைக் கருவிகள் அப்போது பல மடங்கு விலை. உலகெங்கிலுமிருந்து வாங்கினார்கள். பிழைகளும் உலகெங்கிலும் கண்டுபிடிக்கப்பட்டன.

முதலில் வெடித்தது ஒலிப்பெருக்கிச் சில்லு. டிடிஏ2822 என்ற எண் பொறித்த சில்லின் ஒரு தொகுதி, அந்த எண்ணுக்குரிய மின்னழுத்தத்தைத் தாங்காமல் புகைந்தது. பயனாளர்கள் எந்தக் குறி பொறித்த சில்லுகள் புகைகின்றன என்று ஒப்பிட்டுப் பட்டியலிட்டார்கள். அடுத்த பதிப்பில் சில்லே கைவிடப்பட்டு, ஒலிப்பெருக்கி தனித்தனி டிரான்சிஸ்டர்களால் அமைந்தது.

இரண்டாவது பிழை மேலும் கடுமையானது. எந்தப் பரப்பியும் தன் அலைவெண்ணின் இருமடங்கு, மும்மடங்குகளிலும் சிறிது கசியும். அதைத் தடுக்கவே கடைசியில் தாழ்வழி வடிகட்டிகள் உள்ளன. அமெரிக்க விதிப்படி இக்கசிவு முதன்மைச் சமிக்ஞையைவிட 43 டெசிபெல் குறைந்திருக்க வேண்டும், அதாவது 20,000இல் ஒரு பங்கு. அளவுக் கருவி வைத்திருந்த பயனாளர்கள் சோதித்ததில் மைக்ரோ பிட்எக்ஸ் சில பட்டைகளில் இதைத் தாண்டியது தெரிந்தது. வடிகட்டியின் கணக்கில் தவறில்லை. ரிலேக்களும் செம்புத் தடங்களும் நெருங்கி இருந்ததால் அலை வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. முன்வாசலில் காவலாளி நிற்க, கொல்லை வழியாக ஆள் போன கதை.

இத்தகைய செய்தி வெளியானால் பெரிய நிறுவனம் வழக்கறிஞரை அழைக்கும். இங்கே நடந்தது வேறு. சுற்றுப்படமும் தட்டின் வரைபடமும் பொதுவில் இருந்ததால், யார் வேண்டுமானாலும் காரணத்தைத் தேட முடிந்தது. ஒருவர் ரிலேக்களை மாற்றிப் பார்த்தார், ஒருவர் வடிகட்டிகளைத் தனித்தட்டுக்குக் கொண்டுபோனார், ஒருவர் சுருள்களை மாற்றினார். அளவீடுகள் பொதுவில் வைக்கப்பட்டன. 2019இல் வந்த ஐந்தாம் பதிப்பு வடிகட்டிப் பகுதியைப் புதிதாக வரைந்தது. பழைய பதிப்பை வைத்திருந்தவர்கள் தம் கருவியைத் தாமே திருத்திக்கொள்ளவும் வழி தெரிந்திருந்தது.

2020இல் வந்த ஆறாம் பதிப்பில் வண்ணத் தொடுதிரை உண்டு. பற்றவைக்கும் வேலை இல்லை. பெட்டியில் பூட்டினால் முடிந்தது. இதைச் சிலர் முன்னேற்றம் என்றும் சிலர் இழப்பு என்றும் சொல்வர். தொடக்கநிலை மாணவருக்கு ஆறாம் பதிப்பு எளிது என்பதில் ஐயமில்லை. ஆனால் பத்துப் படிகங்களை அளந்து நான்கைப் பொறுக்கியவருக்கு வடிகட்டி என்றால் என்ன என்பது எந்த நூலும் கற்பிக்காத அளவுக்குத் தெரிந்திருக்கும். அந்த அறிவு தொடுதிரையின் வழியே கைமாறுவதில்லை.

மின்கம்பம் சாய்ந்த நாள்களில்

பொழுதுபோக்குக்கு அப்பால் இக்கருவிகளால் என்ன பயன் என்ற கேள்வி எழும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூரும் அவர் குழுவும் அந்தமானுக்கும் இந்திய நிலப்பரப்புக்கும் இடையே செய்தி கடத்தியது பலரும் அறிந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு அதைவிட அண்மையான நினைவு கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த அப்புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. சிற்றூர்கள் பலவற்றில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிய மக்கள் சாலையில் நடந்தே போனார்கள்.

அத்தகைய நாளில் 7 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்றுக்குத் தேவைப்படுவது இருசக்கர வாகன பேட்டரி ஒன்றும், நடுவில் பிரித்த 20 மீட்டர் செம்புக் கம்பியும்தான். கம்பியை மிக உயரத்தில் கட்ட வேண்டியதில்லை. நாலைந்து மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை ஏறத்தாழ நேர் மேலே சென்று, அயனி மண்டலத்தில் பட்டு, குடையாகச் சுற்றிலும் இறங்கும். பகல் வேளையில் இப்படிச் சில நூறு கிலோமீட்டர் தூரம் நன்கு எட்டும். புதுக்கோட்டையிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர். இடையில் ஒரு கோபுரமும் வேண்டாம். இரவில் நிலை மாறும். அருகில் உள்ளவர் மறைந்து, தொலைவில் உள்ளவர் கேட்பார். எனவே செய்தி கடத்த விரும்புவோர் நேரத்தையும் அறிந்திருக்க வேண்டும். தன் கருவியைத் தானே கட்டியவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. இணைப்பு அறுந்தால் எந்தக் கம்பி என்று அவருக்குத் தெரியும். பழுது பார்க்கும் கடை திறக்கும் வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

உரிமம்

இந்தியாவில் 12 வயது நிறைந்தவர்கள் ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வை எழுதி அமெச்சூர் உரிமம் பெறலாம். மின்னணுவியல் அடிப்படைகளும் வானொலி விதிகளும் தேர்வுப் பாடங்கள். உயர்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் குறியீடும் தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலை ஒழுங்காகப் படித்தவருக்கு இப்பாடங்கள் கடினமல்ல. உரிமம் பெறாமல் பரப்பும் கருவியை இயக்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். கட்டுமானத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள், உரிமம் கைக்கு வரும் வரை பிட்எக்ஸின் வாங்கிப் பகுதியை மட்டும் கட்டிக் கேட்கலாம். அதே படிகங்கள், அதே வடிகட்டி, அதே கலப்பி. ஐஆர்எஃப்510க்கான இடத்தைத் தட்டில் காலியாக விட்டுவைத்தால், தேர்வு முடிவு வந்த பிறகு மீதியைப் பற்றவைத்துக்கொள்ளலாம்.